பஞ்ச்கனியில் ஒரு பியானோப் பையன்

"அவன் வெள்ளைக்காரன்தானே, தங்கச்சி?"

கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு நேயர் கேட்ட கேள்வி இது. அன்று செப்டம்பர் 5. எங்கள் காலை நிகழ்ச்சியில், அந்தந்தத் தேதியில் பிறந்த பிரபலங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவோம். செப்டம்பர் 5 எனக்கு மிகவும் பிடித்த தேதி. 1872இல் வ.உ.சி. பிறந்ததும் அன்றுதான், 1946இல் ஃபிரெட்டி மெர்க்குரி பிறந்ததும் அன்றுதான். கப்பலோட்டிய தமிழரையும் 'குவீன்' இசைக்குழுவின் பாடகரையும் ஒரே மூச்சில் சொல்லும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஃபிரெட்டியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா, பிறந்தது ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் சான்சிபார் தீவு, பெற்றோர் குஜராத் பக்கத்துப் பார்சிகள், படித்தது மகாராஷ்டிர மாநிலத்தில் ஒரு மலையூர் என்று சொல்லி முடித்தேன். உடனே தொலைபேசி ஒலித்தது.

"இல்லைங்க ஐயா. அவர் பார்சி. இந்தியாவுல விடுதியில தங்கிப் படிச்சவர்."

"அப்போ நம்ம ஆளா?"

நேரலையில் இதற்கு என்ன பதில் சொல்வது? "கொஞ்சம் நம்ம ஆளு" என்று சிரித்துச் சமாளித்து விளம்பரத்துக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை.

பிப்ரவரியில் என் கல்லூரித் தோழியின் திருமணம் புனே நகரில் நடந்தது. மாப்பிள்ளை மராத்தியர். திருமணம் முடிந்து, விமானத்துக்கு இரண்டு நாள் இருந்தது. புனேயிலிருந்து பஞ்ச்கனி 100 கிலோமீட்டர்தான் என்று வரைபடம் காட்டியது. வாடகைக் கார் ஒன்று பிடித்துக் கிளம்பிவிட்டேன்.

ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். மராத்தியில் அண்ணனைத் 'தாதா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தோழி சொல்லி அனுப்பியிருந்தாள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த வாய்க்கு அது லேசில் வரவில்லை. ஒவ்வொரு முறை "தாதா" என்று கூப்பிடும்போதும், யாரையோ மிரட்டப் பணம் கொடுத்து அனுப்புவது போல எனக்கே சிரிப்பு வந்தது. என் இந்தி முழுக்கச் சினிமாப் பாட்டில் கற்றது. அதை வைத்துக்கொண்டு எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொன்னேன். ஃபிரெட்டி மெர்க்குரி என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. இரண்டு தட்டு, ஒரு கைதட்டு என்று என் முழங்காலில் தட்டிக் காட்டினேன். உடனே முகம் மலர்ந்து, ஸ்டியரிங்கில் அதையே தட்டினார். கிரிக்கெட் மைதானத்தில் கேட்டிருக்கிறாராம். அந்தப் பாட்டை எழுதியது குவீனின் கிதார் கலைஞர் பிரையன் மே. என்றாலும் அதைப் பாடிய தொண்டை இந்த மலையில்தான் வளர்ந்தது என்று சொன்னதும், "இந்த மலையிலா?" என்று நம்பாமல் பார்த்தார்.

நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தால் வாய் என்ற ஊர் வருகிறது. ஊர்ப் பெயரே 'வாய்'தான். வானொலியில் வாயால் பிழைக்கும் எனக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. கிருஷ்ணா நதி ஓரமாகக் கல்லால் கட்டிய படித்துறைகள், கோயில்கள். அதில் ஒரு கோயிலில் பெரிய பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். டோல்யா கணபதி என்று பெயர். குண்டுப் பிள்ளையார் என்று அர்த்தமாம். ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம். அதன்பிறகு பசர்ணி மலைப்பாதை. வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே பார்த்தால் பொட்டல் வெளியும் கரும்புப் பச்சையும் நதியும். மேலே போகப் போகக் காற்று மாறுகிறது.

பஞ்ச்கனி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம், அந்தக் குளிர். அங்கே போலவே இங்கும் சாலையோரம் முழுக்க ஸ்ட்ராபெர்ரிக் கடைகள். கண்ணாடிக் குவளையில் பழத்தைப் போட்டு மேலே பாலேட்டை ஊற்றித் தருகிறார்கள். பழம் கேமரனில் கிடைப்பதைவிட இனிப்பு. இதை எழுதுவதற்காகப் பேராக், பகாங் நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் தேயிலை இல்லை. தேயிலைக்குப் பதிலாக நெடுநெடுவென்று சில்வர் ஓக் மரங்கள். சமவெளியின் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் 1860களில் ஓய்வெடுக்கத் தேடிப் பிடித்த இடம் இது. ஜான் செசன் என்பவர் பொறுப்பெடுத்து ஊரை உண்டாக்கினார். ஐந்து குன்றுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்தப் பெயர். ஓய்வு இல்லம் வந்தது, தேவாலயம் வந்தது, பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. இன்று இந்தச் சின்ன ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விடுதிப் பள்ளியின் மதில் தெரிகிறது. 2007இல் வந்த 'தாரே ஸமீன் பர்' படத்தில், எட்டு வயதுப் பையனை அப்பா அம்மா விடுதியில் விட்டுவிட்டுக் காரில் கிளம்பும் காட்சி நினைவிருக்கிறதா? அந்த விடுதிப் பள்ளியைப் படமாக்கியதும் இந்த ஊரில்தான்.

ஃபரோக்குக்கும் எட்டு வயதுதான்.

செயிண்ட் பீட்டர்ஸ் பள்ளியின் வாசலில் காவலர் நிறுத்தினார். பள்ளி நடந்துகொண்டிருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் யாரையும் விட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். உள்ளே இருப்பவர்கள் பிள்ளைகள், வேடிக்கைப் பொருள் அல்லர். நானும் வற்புறுத்தவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மரங்கள், ஏறிப் போகும் பாதை, பழைய கட்டடத்தின் ஓரம். மணி அடித்தது. எங்கிருந்தோ பையன்களின் கூச்சல் கேட்டது. எந்த ஊர் விடுதியாக இருந்தாலும் அந்தக் கூச்சல் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஃபரோக்கின் அப்பா போமி, சான்சிபாரில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கீழ் நீதிமன்றக் காசாளர். அம்மா ஜெர். ஒரே தங்கை காஷ்மீரா, அப்போது கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியவள். குடும்பத்தின் வேர் குஜராத்தின் புல்சார். புல்சாரா என்ற குடும்பப் பெயர் அங்கிருந்து வந்தது. நல்ல ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1950களின் நடுவில் பையனைக் கப்பல் ஏற்றினார்கள். இந்துமாக் கடலைத் தாண்டிப் பம்பாய், அங்கிருந்து இந்த மலை. கப்பல் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த 'ரஜூலா'தான் நினைவுக்கு வரும். அதில் வந்தவர்களாவது பெரும்பாலும் வளர்ந்தவர்கள், பிழைப்புக்கு வந்தவர்கள். இவன் சின்னப் பையன், படிக்கப் போனவன். வீட்டுக்குப் போய்வருவது லேசான காரியம் இல்லை. பல விடுமுறைகளைப் பம்பாயில் அத்தை வீட்டிலும் பாட்டியோடும் கழித்திருக்கிறான்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைப்பிங் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்ததும், ஈப்போவில் ஓர் ஆஸ்ரமாவில் இடம் கிடைத்தது. படிவம் ஒன்று, பதின்மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பொதுத் தொலைபேசிக்கு வரிசையில் நிற்போம். இருபது காசு நாணயம் மூன்று கையில் இருந்தால் பணக்காரி. என் முறை வரும்போது முதல் காசு அழுவதற்கே சரியாகிவிடும். அம்மா அந்தப் பக்கம் "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று அதையே கேட்டுக்கொண்டிருப்பார். பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற தூரத்தில் இருந்துகொண்டே எனக்கு அந்தக் கதி. அதனால் இந்த வாசலில் நிற்கும்போது குவீனின் எந்தப் பாட்டும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையனுக்கு இரவில் யார் போர்வை போர்த்தியிருப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

புகழ் வந்தபிறகு ஒரு பேட்டியில் அவரே சொன்னார்: விடுதிப் பள்ளி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது என்கிற பொருளில். விடுதியில் படித்த எல்லோரும் சொல்லும் வாசகம் அது. நானும் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மையைச் சொல்ல விருப்பம் இல்லாதபோது அதைத்தான் சொல்வோம்.

பையன் பயந்த சுபாவம். மேல்வரிசையில் கூடுதலாக நான்கு பற்கள் முளைத்திருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அதை வைத்துப் 'பக்கி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் கோடிக் கணக்கில் சம்பாதித்தபோதும் அந்தப் பற்களை அவர் சரிசெய்துகொள்ளவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம். மேசைப்பந்தில் கெட்டிக்காரன். நாடகத்தில் நடித்தான். பள்ளியில் அவனுடைய இசை ஆர்வத்தைக் கவனித்து, தனியாகக் கட்டணம் செலுத்தினால் பியானோ கற்றுக்கொடுக்கலாம் என்று வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். பெற்றோர் சரி என்றார்கள். நான்காம் நிலைத் தேர்வு வரை தேறினான். அந்தக் கடிதத்தை எழுதிய கையை யாராவது கண்டுபிடித்து ஒரு மாலை போட வேண்டும்.

1958இல், பன்னிரண்டு வயதில், நான்கு தோழர்களோடு சேர்ந்து ஒரு குழு. பெயர் 'தி ஹெக்டிக்ஸ்'. புரூஸ் மர்ரே, டெரிக் பிராஞ்ச், ஃபராங் ஈரானி, விக்டரி ராணா, கடைசியாக நம் ஃபரோக். ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, மெல்லிய கறுப்பு டை, எண்ணெய் வைத்துத் தூக்கி வாரிய முடி. நம் ஊரில் அறுபதுகளில் கல்யாண வீடுகளில் வாசித்த கித்தார் குழுக்களின் படங்களை நீங்கள் பார்த்திருந்தால், இந்தப் படத்தையும் பார்த்த மாதிரிதான். ஐந்து பையன்களும் உலகத்தை வாங்கிவிட்டவர்கள் போல நிற்கிறார்கள்.

புகழ்பெற்ற ஒருவரின் பதின்வயதுக் குழு என்றதும், அவர்தான் நடுவில் நின்று பாடியிருப்பார் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. முன்னால் நின்று பாடியவர் புரூஸ் மர்ரே. டெரிக் கித்தார். விக்டரி டிரம்ஸ். ஃபராங், தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டிச் செய்த ஒற்றைத் தந்தி பேஸ் வாசித்தார். ஃபரோக் ஓரத்தில் பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மற்றவர் பாடும்போது கூடச் சேர்ந்து குரல் கொடுத்தான். உலகத்தின் மிகச் சிறந்த மேடைப் பாடகர்களில் ஒருவர் என்று பின்னாளில் பேர் வாங்கியவர், தன் முதல் குழுவில் பின்பாட்டு.

ஆனால் குழுவுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த ஓரத்துப் பையனிடமிருந்துதான். வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டால் போதும், பியானோவில் உட்கார்ந்து அதை அப்படியே வாசித்துவிடுவான் என்று உடன் இருந்தவர்கள் பின்னாளில் வியந்து சொல்லியிருக்கிறார்கள். லிட்டில் ரிச்சர்ட், கிளிஃப் ரிச்சர்ட் பாட்டுகள். அவன் வாசித்ததெல்லாம் மேற்கத்தியப் பாட்டுகள்தான் என்பதும் அவர்கள் நினைவு.

வானொலிக்காரி என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச எனக்கு உரிமை உண்டு. இன்று ஒரு பாட்டு பிடித்தால் கைப்பேசியில் நூறு முறை கேட்கலாம், வரிகளும் திரையில் ஓடும். 1958இல் ஒரு மலையூர் விடுதியில் நிலைமை என்ன? அகில இந்திய வானொலி 1952 முதல் சில ஆண்டுகள் சினிமாப் பாட்டையே ஒதுக்கி வைத்திருந்தது. ராக் அண்ட் ரோலுக்கு அங்கே என்ன இடம் இருந்திருக்கும்? இந்தியாவில் மேற்கத்தியப் பாட்டு கேட்க ஆசைப்பட்டவர்களுக்குப் பெரிய துணை, கடல் தாண்டி வந்த ரேடியோ சிலோன். தமிழ்நாட்டு வீடுகளைத் தமிழ்ச் சேவையால் கட்டிப்போட்ட அதே ரேடியோ சிலோன். சிற்றலையில் குரல் அலைபோல வந்து வந்து போகும். பாட்டு இரண்டரை நிமிடம், மிஞ்சிப் போனால் மூன்று. திரும்பக் கேட்க வழியில்லை. அடுத்த வாரம் போடுவார்களா என்பது அறிவிப்பாளருக்கே வெளிச்சம். அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தை, தாளத்தை, பின்னால் வரும் குரல் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை எல்லாம் காதாலேயே பிடித்து வைக்க வேண்டும். முன்னால் நின்று பாடுபவருக்குத் தன் பாகம் தெரிந்தால் போதும். ஓரத்தில் இருக்கும் பியானோக்காரனுக்கு ஐந்து பேருடைய பாகமும் தெரிய வேண்டும். 1975இல் ஒரே பாட்டுக்குள் தன் குரலையும் தோழர்களின் குரலையும் அடுக்கடுக்காகப் பதிந்து ஓர் ஓபராவையே கட்டியவருக்கு, அந்தக் காது இங்கே பழக்கப்பட்டது என்று நான் நினைக்கிறேன். லண்டன் அவருக்கு மேடை கொடுத்தது. காது ஏற்கெனவே இருந்தது.

ஹெக்டிக்ஸ் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். பக்கத்துப் பெண்கள் பள்ளியிலிருந்து வந்த மாணவிகள் கூச்சல் போட்டுக் கொண்டாடினார்களாம். கண்டிப்பான விடுதியில் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஒரு மாலை நேரம் கத்திக்கொள்ள அனுமதி கிடைத்தால் வேறு என்ன செய்வார்கள்? ஊருக்கு வெளியே ஹெக்டிக்ஸை யாருக்கும் தெரியாது. ஒலிப்பதிவு ஏதும் வெளிவரவில்லை. பேசும்போது கூச்சப்படும் பையன் பியானோவில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவான் என்று தோழர்கள் சொன்னதுதான் மிச்சம்.

'ஃபிரெட்டி' என்ற பெயரும் இங்கே வந்ததுதான். பலர் நினைப்பது போல லண்டனில் வெள்ளைக்காரர்களுக்காக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ஃபரோக் என்ற பெயர் பள்ளியில் எல்லோர் வாயிலும் ஃபிரெட்டி ஆனது. பையனுக்கும் பிடித்துப்போனது, வீட்டிலும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். மெர்க்குரி மட்டும்தான் 1970 வாக்கில், குவீன் உருவான காலத்தில், அவரே சேர்த்துக்கொண்டது.

என் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் பெயர் திலகவதி. ஆஸ்ரமாவில் என் அறையில் எட்டுப் பேர், நான் ஒருத்திதான் தமிழ். இரண்டாம் நாளே 'டிலா' ஆகிவிட்டேன். மலாயில் அது வழக்கமான செல்லப் பெயர், அவர்களுக்குச் சுலபமாக வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. போர்வைக்குள் டார்ச் அடித்து மெகி சாப்பிடும்போது கூப்பிட ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். விடுதி ஒலிபெருக்கியில் காலை அறிவிப்பு வாசிக்க ஆள் தேடியபோது டிலாதான் கை தூக்கினாள். திலகவதியாக இருந்திருந்தால் தூக்கியிருக்க மாட்டேன். அதனால்தான் இன்றும் வானொலியில் அந்தப் பெயர். சில நேயர்கள் கோபப்பட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள்: "தமிழ் வானொலியில் தமிழ்ப் பெயர் கூடாதா?" கேட்பது நியாயம்தான். பதில் எழுத உட்கார்ந்தால் மூன்று பக்கம் போகும் என்பதால் எழுதியதில்லை.

ஃபிரெட்டி மீதும் இந்தக் குற்றச்சாட்டு உண்டு. பேட்டிகளில் பஞ்ச்கனியைப் பற்றியும் சான்சிபாரைப் பற்றியும் அவர் அதிகம் பேசியதில்லை. இந்தியாவில் குவீன் கச்சேரியும் செய்ததில்லை. 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்திலும் பஞ்ச்கனிக்குக் காட்சி இல்லை, 1970இன் லண்டனில்தான் கதை சூடு பிடிக்கிறது. (நம் திரையரங்குகளில் ஓடிய பிரதியில் தணிக்கை வெட்டு வேறு.) தன் வேரை மறைத்தவர் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்து, உயிருக்குப் பயந்து கிளம்பிய குடும்பம் லண்டன் ஓரத்தில் ஃபெல்தமில் போய் இறங்கியபோது அவருக்கு வயது 17. 1968 ஏப்ரலில் இனோக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு அந்த நாட்டையே உலுக்கியது. அந்த நேரத்தில் ஃபிரெட்டி லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவர், குழு தேடி அலைந்துகொண்டிருந்த பழுப்பு நிற இளைஞர். அந்தச் சூழலில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர் முடிவு செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1991 நவம்பர் 24ஆம் தேதி, 45 வயதில், எய்ட்ஸ் நோயோடு போராடி இறந்தபோது அவருக்கு இறுதிச் சடங்கு செய்தது ஜொராஷ்டிர சமயப் பூசாரி. வீடு கடைசிவரை கூடவேதான் இருந்திருக்கிறது.

மாலையில் டேபிள் லேண்டுக்குப் போனோம். மலையின் தலையைக் கத்தியால் சீவி விட்டது போல மேலே ஒரே சமவெளி. எரிமலைப் பாறை மேல் செம்மண் இறுகிக் கிடக்கிறது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு குதிரைகள் தூசி கிளப்பி ஓடுகின்றன. வேகவைத்த சோளம் விற்றவரிடம் ஃபிரெட்டியைத் தெரியுமா என்று கேட்டேன். தாதா மொழிபெயர்த்தார். சோளக்காரர் எந்தப் பள்ளியில் வாத்தியார் என்று திருப்பிக் கேட்டார். தாதா சற்றுப் பெருமையாக என்னைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் தட்டியதைச் சோள வண்டியில் தட்டிக் காட்டினார். சோளக்காரருக்கும் அது தெரிந்திருந்தது.

ஃபரோக் 1963இல் சான்சிபாருக்குத் திரும்பினான். ஹெக்டிக்ஸ் அதோடு கலைந்தது. விக்டரி ராணா நேபாள ராணுவத்தில் தளபதியாக உயர்ந்து, சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை தாங்கினார். டெரிக் பிராஞ்ச் இங்கிலாந்தில் நடிகரானார். 1985இல் வந்த 'மை பியூட்டிஃபுல் லாண்டரெட்' படத்தில் அவரைப் பார்க்கலாம். ஃபராங் ஈரானி புனேயில் உணவகம் நடத்தினார். முன்னால் நின்று பாடிய புரூஸ் மர்ரேயும் இங்கிலாந்துக்குப் போனார். ஐந்து பேரில் ஒருவர் உலகத்துக்கே தெரிந்தவரானார், மற்ற நால்வரும் அவரவர் வாழ்க்கையை நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். கிள்ளான் ஐயா மறுபடி அழைத்தால் இந்த விக்டரி ராணா கதையைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அவருக்குப் பிடிக்கும்.

இருட்டும் நேரத்தில் குளிர் கூடியது. கீழே ஊரில் பள்ளிக்கூட விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. படிப்பு நேரம் தொடங்கியிருக்கும். நம் ஊரில் இரவு மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அம்மாவை அழைத்தேன்.

"திலகா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. அம்மா, ஒண்ணு கேக்கவா? என்னை ஏன் ஆஸ்ரமாவுக்கு அனுப்புனீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்கப்பாதான் அனுப்பியே ஆகணும்னு நின்னாரு. இங்கேயே கெடந்தா நீயும் என்னை மாதிரி கையொற ஃபேக்டரிக்குத்தான் போவேன்னு சொன்னாரு. அவரு சொன்னது சரிதானே?" என்றார். பிறகு, "நீ பஸ்ஸு ஏறிப் போனதும் எனக்கு வீட்டுக்கு வரப் புடிக்கல. அந்த பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்துட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மாதிரி. ரெண்டு பஸ்ஸு நின்னு கேட்டுட்டுப் போச்சு."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லையேம்மா?"

"நீ கேக்கவே இல்லையே."

தூரத்தில் தாதா கார் விளக்கைப் போட்டு அணைத்தார். நேரமாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்ட்ராபெர்ரி ஜாம் வாங்கி வருகிறேன் என்றேன்.

"கேமரன்லயே கெடைக்குது. காசை ஏன் வீணாக்குற?"

இறங்கும் வழியில் இரண்டு பாட்டில் வாங்கினேன்.